புயல் ஓய்ந்த காலையில் தடம் படாத பொடிப்பனி எங்கே கிடைக்கும்?

கேட்டவர் சொன்னது இது: "இரவெல்லாம் பனி கொட்டியது. பனிச்சறுக்கு ரிசார்ட் 30 செ.மீ. புதுப்பனி என்று அறிவித்தது. 9 மணிக்குப் போய் வரிசையில் நின்றேன். மேலே போய்ச் சேர்வதற்குள் மலை முழுக்க உழுத வயல் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் மதியம் 2 மணிக்கும் சிலர் இடுப்புவரை வெள்ளையாக, முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வருகிறார்கள். அவர்கள் எங்கே போகிறார்கள்?"

அவர்களிடம் ரகசிய இடம் எதுவும் கிடையாது. மலைமேல் கொண்டுபோகும் கம்பி நாற்காலியான லிஃப்டில் உட்கார்ந்தபடி நீங்கள் கவனிக்காமல் கடந்து போன இடங்களில்தான் அவர்கள் சறுக்குகிறார்கள். பல வருடங்கள் புயல் நாட்களின் பின்னாலேயே அலைந்ததில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன். இரண்டு கேள்விகளை நாள் முழுக்க விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நேற்றிரவு காற்று பனியை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது? இன்று கூட்டம் எந்தப் பக்கம் நகரும்? பனி சேர்ந்த இடமும் ஆள் போகாத இடமும் எங்கே ஒன்றாகின்றனவோ, அங்கே போங்கள். மற்ற எல்லாமே இந்த இரண்டின் கிளைகள்தான்.

முதலில் அந்த 30 செ.மீ. என்ற எண். அது மலையில் ஒரே ஓர் இடத்தில் நட்டிருக்கும் அளவுகோலின் எண். பெரும்பாலும் காற்று அதிகம் அண்டாத சமதளத்தில்தான் அதை நட்டிருப்பார்கள். விடியற்காலையில், லிஃப்ட் திறப்பதற்குச் சில மணி நேரம் முன்பு, ஊழியர் ஒருவர் பார்த்து எழுதுவார். அங்கே 30 என்றால் காற்று வழித்தெடுத்த முகட்டில் பழைய ஐஸ் பளபளக்கலாம், அதே முகட்டின் மறுபக்கம் தொடைவரை பனி குவிந்திருக்கலாம். அதோடு, 24 மணி நேரக் கணக்கு, 48 மணி நேரக் கணக்கு, இரவுக் கணக்கு என்று பல எண்களை வெளியிடுவார்கள். நேற்று மதியம் விழுந்த பனியை நேற்றே ஆட்கள் சறுக்கித் தீர்த்துவிட்டார்கள். நேற்று லிஃப்ட் நின்ற பிறகு விழுந்தது எவ்வளவு என்பதுதான் உங்களுக்கு வேண்டிய கணக்கு. இப்போது பல ரிசார்ட்டுகள் அளவுகோலை நோக்கி ஒரு கேமரா வைத்திருக்கின்றன. படுக்கப் போகும்போது ஒருமுறை, எழுந்ததும் ஒருமுறை பாருங்கள். அறிவிப்பில் வரும் எண்ணைவிட அது அதிகம் சொல்லும்.

பனி எத்தனை மணிக்கு விழுந்தது என்பதில் இன்னொரு விஷயம் அடங்கியிருக்கிறது. சறுக்குப்பாதைகளைச் சமன்செய்யும் ஸ்னோகேட் வண்டிகள் மாலையிலும் இரவிலும் ஓடுகின்றன. வண்டி போன பிறகு பனி விழுந்தால், பாய் விரித்தது போன்ற தரைமேல் பஞ்சு மெத்தை போட்ட மாதிரி ஆகிவிடும். அடியில் மேடு பள்ளம் எதுவும் இருக்காது. பனி விழுந்த பிறகு வண்டி போனால் எல்லாம் அழுத்தப்பட்டுப் போயிருக்கும். ஆகவே எந்தெந்தப் பாதையைச் சமன்செய்தார்கள் என்ற காலை அறிக்கையை, பனி விழுந்த நேரத்தோடு சேர்த்துப் படியுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு 10 அல்லது 15 செ.மீ. மட்டும் விழுந்த நாட்களில் எல்லோரும் செங்குத்தான சரிவுகளுக்கு ஓடுவார்கள். அங்கே புதுப்பனிக்கு அடியில் பழைய மேடுகளும் இறுகிய பனியும் ஸ்கீயில், அதாவது காலில் மாட்டும் சறுக்குப்பலகையில், கரகரவென்று தட்டும். அதே நேரத்தில் நடுத்தரச் சரிவுள்ள, முன்னிரவில் சமன்செய்த பாதை ஒன்று ஆளில்லாமல் கிடக்கும். பொடிப்பனியில் முதல்முறை இறங்குகிறவருக்கு அதைவிட நல்ல இடத்தை என்னால் சொல்ல முடியாது.

பனியின் கனத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 10 செ.மீ. புதுப்பனியை உருக்கினால் சுமார் 1 செ.மீ. நீர் வரும் என்பது பழைய பொதுக்கணக்கு. நல்ல குளிரில் விழும் இலேசான பனியில் 15 செ.மீ., 20 செ.மீ. உருக்கினால்தான் அந்த 1 செ.மீ. நீர் கிடைக்கும். மேகத்தின் வெப்பநிலை மைனஸ் 15 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, ஆறு கிளைகளோடு விரியும் நட்சத்திரப் படிகங்கள் நன்றாக வளர்கின்றன. கிளைகளுக்கு இடையே காற்று அடைபட்டுக்கொள்வதால் பனி இறகு போலக் குவிகிறது. ஈரமான பசிபிக் காற்று நேராக வந்து மோதும் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடாவில் விழுவதற்கு 'சியரா சிமெண்ட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதே காற்று பாலைவனத்தைத் தாண்டி யூட்டாவின் வாசாட்ச் மலைகளை அடையும்போது ஈரத்தில் பெரும்பங்கை வழியிலேயே இழந்திருக்கும்.

ஆனால் சராசரிக் கனத்தைவிட, புயல் எந்த வரிசையில் விழுந்தது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தொடக்கத்தில் சற்று வெதுவெதுப்பாகவும் போகப் போகக் குளிராகவும் முடிந்த புயலில் கனமான பனி அடியிலும் இலேசானது மேலேயும் இருக்கும். ஸ்கீ மிதக்கும், அடியில் பிடிமானமும் கிடைக்கும். குளிரில் தொடங்கி வெதுவெதுப்பில் முடிந்தால் இது தலைகீழாகிவிடும். இலேசான அடுக்கின்மேல் கனமான மூடி உட்கார்ந்திருக்கும். ஸ்கீயின் முனை அந்த மூடிக்குள் குத்திக்கொண்டு நிற்கும், முழங்கால் திருகும். பனி மொத்தமாக உடைந்து கீழே பாயும் பனிச்சரிவுக்கும் அந்த அமைப்பு வழிவகுக்கும். இரவு வெப்பநிலை ஏறியதா இறங்கியதா என்பதை ரிசார்ட்டின் வானிலைப் பக்கத்தில் பார்க்க அரை நிமிடம் போதும்.

இனி காற்று. இந்த விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

காற்று மணிக்கு சுமார் 25 கி.மீ. வேகத்தைத் தாண்டினால், விழுந்து கிடக்கும் உலர்ந்த பனியைக் கிளப்பி நகர்த்த ஆரம்பிக்கும். காற்று வந்து மோதும் பக்கத்தில் சுரண்டி எடுத்து, முகட்டைத் தாண்டியதும் வேகம் குறையும் மறைவுப் பக்கத்தில் கொட்டும். வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில்கூடக் காற்று ஒரு சரிவில் பனியைக் குவிக்கும் என்று பனிச்சரிவு வல்லுநர்கள் சொல்வார்கள். எனவே இரவில் தென்மேற்கிலிருந்து காற்று அடித்திருந்தால் வடகிழக்கு நோக்கிய சரிவுகளைத் தேடுங்கள். பெரிய முகடு மட்டும் கணக்கு என்று நினைக்க வேண்டாம். ஒரு சிறு திட்டு, ஓடைப் பள்ளத்தின் ஒரு கரை, மரவரிசையின் பின்புறம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மறைவுப் பக்கம் உண்டு. ஒரே சறுக்குப்பாதையின் இடது ஓரத்தில் ஐஸும் வலது ஓரத்தில் முழங்கால் ஆழப் பொடியும் இருந்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அறிக்கை எதுவும் கையில் இல்லாவிட்டாலும் காற்று வந்த திசையை மலையே காட்டிக்கொடுக்கும். மரங்களிலும் கம்பங்களிலும் இறகு போல ஒட்டியிருக்கும் உறைபனி, காற்று வந்த திசையை நோக்கி வளர்ந்திருக்கும். முகட்டில் தாழ்வாரம் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பனிக்கூரை எந்தப் பக்கம் தொங்குகிறதோ அதுதான் மறைவுப் பக்கம். எனக்கு மிகவும் உதவுவது மரக்கிளைகள். கிளைமேல் பனி தலையணை தலையணையாக உட்கார்ந்திருந்தால், அந்தப் பகுதியில் காற்று இல்லாமல் அமைதியாகப் பனி விழுந்திருக்கிறது, தரையிலும் அது குலையாமல் இருக்கும். நிறையப் பனி விழுந்தும் கிளைகள் மொட்டையாகத் தெரிந்தால் காற்று உதறிவிட்டுப் போயிருக்கிறது. லிஃப்டில் ஏறும் பத்து நிமிடமும் தொலைபேசியைப் பார்க்காமல் இருபுறமும் கிளைகளைப் பாருங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. காற்று சுமந்துவந்து போட்ட பனி எல்லாம் நல்ல பொடி ஆகிவிடாது. உருண்டு மோதி வரும் வழியில் படிகங்களின் கிளைகள் உடைந்து, துகள்கள் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு பலகை போல இறுகும். முகட்டுக்கு நேர் கீழே, பனிக்கூரையின் அடியில் அதிகம் குவிவது இந்த இறுகிய பலகைதான். பார்க்கப் பால் போல மழமழவென்று மங்கலாக இருக்கும். கையிலிருக்கும் சறுக்குக்கோலால் குத்தினால் முதலில் தடுத்து, பிறகு பொத்தென்று உள்ளே போகும். உங்கள் எடை பட்டதும் மொத்தமாக உடைந்து நகரக்கூடியதும் இதுவே. நல்ல பொடி அதற்குக் கீழே, காற்றின் வேகம் முழுக்கச் செத்துப்போன பள்ளங்களிலும் மரங்களுக்குள்ளும் இருக்கும். அதன் மேற்பரப்பு வெயிலில் மினுமினுக்கும், கோலை விட்டால் தடையே தெரியாது.

காற்றுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. வானம் தெளிந்த பிறகும் முகட்டில் காற்று ஓடிக்கொண்டிருந்தால், மறைவுப் பக்கச் சரிவுகளில் விழுந்த தடங்களை அது திரும்பத் திரும்ப நிரப்பும். நீங்கள் ஒருமுறை சறுக்கி, லிஃப்டில் ஏறித் திரும்பி வருவதற்குள் உங்கள் தடமே பாதி மறைந்திருக்கும். அப்படி ஒரு சரிவு கிடைத்துவிட்டால், பேட்ரோல் எனப்படும் மலைப் பாதுகாப்புக் குழு அதைத் திறந்து வைத்திருக்கும்வரை, வேறு இடம் தேடிப் போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருங்கள்.

வெயிலின் கணக்கு காற்றைவிட எளிது. வட அரைக்கோளத்தில் தெற்குச் சரிவு வெயிலை நேராக வாங்கும், வடக்குச் சரிவு நிழலில் இருக்கும். சிலியின் போர்ட்டியோவிலோ அர்ஜென்டினாவின் லாஸ் லெனியாஸிலோ இது அப்படியே மாறும். புயலுக்குப் பிறகு வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கும் காலையில் பலரும் முதலில் வடக்குச் சரிவுக்குத்தான் ஓடுகிறார்கள், அங்கே பனி நன்றாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால். நான் அதற்கு மாறாகச் செய்வேன். கிழக்கும் தெற்கும் நோக்கிய சரிவுகளில் பொடி தாங்குவது வெயில் ஏறும்வரைதான், பிறகு ஈரமாகி, இரவில் ஓடாக இறுகிவிடும். ஆகவே பேட்ரோல் திறந்துவிட்ட வெயில் சரிவுகளை முதல் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, பிறகு நிழலுக்குப் போவேன். நிழலில் இருப்பது மதியமும் கெடாது. சில நாட்களில் அடுத்த வாரமும் கெடாது.

எந்த மலைக்குப் போவது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், புயல் வரும் திசையைப் பார்த்து முடிவெடுங்கள். ஆல்ப்ஸில் வடமேற்கிலிருந்து வரும் காற்று ஆஸ்திரியாவின் ஆர்ல்பர்க் பகுதியில், லெக், வார்த் போன்ற இடங்களில், பனியைக் கொட்டும். அதே புயலில் மலைத்தொடரின் தெற்குப் பக்கம் காய்ந்து கிடக்கலாம். மத்தியதரைக் கடலிலிருந்து தெற்குக் காற்று ஏறும்போது இத்தாலியப் பக்கத்துக்கு யோகம். ஜப்பானின் ஹொக்கைடோவில் சைபீரியாவிலிருந்து வரும் குளிர்க்காற்று கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு நிசேகோ பக்கத்து மலைகளில் மோதுகிறது. அங்கே ஒற்றைப் பெரும்புயலாக இல்லாமல், நடுக்குளிர்காலத்தில் கிட்டத்தட்ட தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரு நாள் தவறினாலும் பெரிய இழப்பில்லை.

அடுத்து கூட்டம். மலையில் மனிதர்கள் தண்ணீரைப் போல நடந்துகொள்கிறார்கள். தடை குறைந்த வழியில்தான் ஓடுவார்கள். அடிவாரத்தின் பெரிய லிஃப்டில் ஏறுவார்கள், இறங்கியதும் கண்ணுக்கு நேராகத் தெரியும் சரிவில் பாய்வார்கள், அதே லிஃப்டுக்குத் திரும்பி வருவார்கள். லிஃப்டின் நேர் கீழே இருக்கும் சரிவுகள் முதல் அரை மணியிலேயே தீர்ந்துபோவதற்குக் காரணம், வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் ஏறும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். லிஃப்டிலிருந்து கண்ணில் படாத சரிவு, அரை கி.மீ. மட்டுமே தள்ளியிருந்தாலும், மதியம்வரை தாங்கும்.

டிராவர்ஸ் எனப்படும் குறுக்கு வழிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். யூட்டாவின் ஆல்ட்டாவில் 'ஹை டிராவர்ஸ்' என்று ஒன்று உண்டு. முகட்டை ஒட்டிப் பக்கவாட்டில் நீளும் குறுகலான தடம், மேடும் பள்ளமுமாகத் தொடையை வாட்டும். அதில் போகிறவர்களில் பெரும்பகுதி முதலில் வரும் நல்ல சரிவிலேயே இறங்கிவிடுவார்கள், பின்னால் வருகிறவர்களின் அவசரம் அப்படி. இன்னும் இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்துப் போகிறவருக்கு அகலமான வெற்றுச் சரிவு கிடைக்கும். எல்லா மலைகளிலும் இதே கதைதான். பக்கவாட்டில் பத்து அடி வைத்து ஏற வேண்டிய இடம், ஸ்கீயைக் கழற்றித் தோளில் போட்டு ஐந்து நிமிடம் நடக்க வேண்டிய இடம், கீழே போய்ச் சேர்ந்ததும் சமதளத்தில் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு வர வேண்டிய இடம் என்று உழைப்பு கேட்கும் இடங்களைப் பட்டியல் போட்டு வையுங்கள். பனி இல்லாத சாதாரண நாளில் போய் அவற்றைப் பார்த்து வைப்பது மிகவும் நல்லது. புயல் நாளின் மங்கலான வெளிச்சத்தில் வழி தேடினால், கிடைக்கும் ஒரு மணி நேரமும் தேடுவதிலேயே போய்விடும்.

பெரிய சரிவுகள் எல்லாம் தீர்ந்த பிறகும் துண்டு துண்டாக நிறைய மிச்சமிருக்கும். சமன்செய்த பாதையின் இரு ஓரங்களிலும் ஸ்னோகேட் தொடாத ஒன்றிரண்டு மீட்டர் பட்டை, இரண்டு பாதைகள் பிரியும் இடத்தில் முக்கோணமாக ஒதுங்கிய திட்டு, மரக்கூட்டத்தின் பின்புறம். ஒவ்வொன்றிலும் நாலைந்து திருப்பங்கள்தான் கிடைக்கும். ஆனால் மேலிருந்து கீழ்வரை அவற்றைக் கோத்துக்கொண்டு இறங்கினால், மதியம் 1 மணிக்கும் பாதித் தூரம் புதுப்பனியிலேயே வரலாம். நீங்கள் பார்த்த அந்தச் சிரித்த முகங்களில் பலரும் இதைத்தான் செய்துகொண்டிருந்திருப்பார்கள்.

பேட்ரோல் குழுவின் வேலையைப் புரிந்துகொண்டவருக்கு இன்னொரு கதவும் திறக்கும். இரவு பனி கொட்டினால் செங்குத்தான பகுதிகளைக் காலையிலேயே திறக்க மாட்டார்கள். பேட்ரோல் ஆட்கள் இருட்டிலேயே ஏறி, முகடுகளில் வெடி வைத்து, நிலையில்லாத பனியை ஆள் வருவதற்கு முன் தாங்களாகவே கீழே இறக்கிவிடுவார்கள். இரண்டாம் உலகப்போரில் மலைப்படையில் பணியாற்றிய மோன்டி ஆட்வாட்டர், போர் முடிந்ததும் ஆல்ட்டாவுக்கு வந்து இந்த முறையை வளர்த்தெடுத்தார். பிறகு அங்கே சரிவுகளை நோக்கிப் பீரங்கியால்கூடச் சுட்டார்கள். காலையில் மலையில் கேட்கும் தொலைதூர 'டும்' ஓசைதான் எந்தப் பகுதியில் வேலை நடக்கிறது என்பதற்கான செய்தி. வேலை முடிந்த பகுதியை மூடியிருக்கும் கயிற்றை அவிழ்ப்பார்கள். கீழ்ப்பகுதிகள் முதலில், கிண்ணம் போலக் குழிந்த உயரமான சரிவுகள் கடைசியில் என்று இந்த வரிசை ஒவ்வொரு மலையிலும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பருவத்தில் மூன்று நான்கு புயல் நாட்கள் கவனித்தால் உங்களுக்கே மனப்பாடமாகிவிடும். லிஃப்ட் ஊழியரிடம் பணிவாகக் கேட்டால் "இன்னும் ஒரு மணி நேரம்" என்றோ "இன்று திறக்காது" என்றோ பெரும்பாலும் சொல்லிவிடுவார். பேட்ரோல் ஆட்களை நச்சரிக்க வேண்டாம். அவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை அது.

திறக்கப்போகிற கயிற்றின் முன்னால் வரிசையில் நிற்பதா, வேறிடத்தில் சறுக்குவதா? ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்றால் நான் நிற்பதில்லை. அந்த நேரத்தில் மற்ற இடங்களில் நாலைந்து முறை நல்ல பனியில் இறங்கிவிடலாம். கூட்டமே அங்கே நின்றுகொண்டிருப்பதால் மீதி மலை காலியாக இருக்கும். அரை மணிக்குள் திறக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் நிற்பேன்.

வெளிச்சமான நீலவானக் காலைக்காகக் காத்திருக்கிறவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். புயல் அடித்துக்கொண்டிருக்கும் நாளிலேயே போங்கள். மறுநாள் காலை படத்தில் அழகாக இருக்கும், அதனால்தான் பாதி ஊர் வந்து நிற்கிறது. புயல் நாளில் பலர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், வந்தவர்களிலும் பலர் குளிர் தாங்காமல் 11 மணிக்கே உள்ளே போய்விடுவார்கள். மணிக்கு 3 செ.மீ. விழுந்தால் உங்கள் தடங்களை வானமே மூடிக்கொண்டிருக்கும். காற்றால் உயரத்து லிஃப்டுகளும், கொண்டோலா எனப்படும் மூடிய கம்பிப்பெட்டிகளும் நிற்கும் என்பது உண்மை. ஆனால் மரங்களுக்கு நடுவே போகும் தாழ்வான நாற்காலி லிஃப்டுகள் பெரும்பாலும் ஓடும். எல்லாம் ஒரே வெள்ளையாகி மேடு பள்ளம் தெரியாத வெளிச்சத்தில் மரங்கள்தான் கண்ணுக்குப் பிடிமானம். மலைமேலேயே தங்கினால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஆல்ட்டா இருக்கும் பள்ளத்தாக்குச் சாலையைப் பனிச்சரிவு ஆபத்தால் மூடுவார்கள், கட்டடத்தைவிட்டு வெளியே வரக்கூடாது என்றுகூட உத்தரவு போடுவார்கள். அந்த உத்தரவை நீக்கி லிஃப்டையும் திறந்த பிறகு சாலை மட்டும் இன்னும் மூடியிருந்தால், மேலே தங்கியிருக்கும் சிலருக்கே முழு மலையும்.

ஸ்கீயைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. காலுக்கு அடியில் 100 மி.மீ.க்கு மேல் அகலமும் முனையில் சற்று மேல்நோக்கிய வளைவும் இருந்தால் போதும். சரிவின் அளவுதான் அதைவிட முக்கியம். ஆழமான பனியில் 15 டிகிரிச் சரிவில் நின்றுவிடுவீர்கள், 25 டிகிரியில் மிதப்பீர்கள்.

இனி, மேலே சொன்ன எல்லாவற்றையும்விடக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. மூடிய கயிற்றைத் தாண்டாதீர்கள். கயிற்றுக்கு அப்பால் இருக்கும் வெள்ளைச் சரிவில் ஒரு தடம்கூட இல்லாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பனிப்பலகை உடைந்து சரிவது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில், அதிலும் 38 டிகிரியை ஒட்டி. சறுக்குவதற்கு மனம் இழுக்கும் சரிவுகளும் அவையே. புயல் அடிக்கும்போதும் ஓய்ந்த முதல் நாளிலும் ஆபத்து உச்சத்தில் இருக்கும். வெடி வைத்துச் சோதித்த எல்லைக்குள்ளேயே உயிர்கள் போயிருக்கின்றன. நியூ மெக்சிகோவின் தாவோஸில் 2019 ஜனவரியில் இருவர், ஐடஹோவின் சில்வர் மவுண்டனில் 2020 ஜனவரியில் மூவர், கலிஃபோர்னியாவின் பாலிசேட்ஸ் டாஹோவில் 2024 ஜனவரியில் ஒருவர். சோதிக்காத இடத்தின் நிலையை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

எல்லை என்பதன் பொருளும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. வட அமெரிக்காவில் எல்லைக்குள் திறந்திருக்கும் சரிவு முழுவதும், பாதையாக இருந்தாலும் காடாக இருந்தாலும், பேட்ரோல் பார்த்த இடம். ஐரோப்பாவில் கம்பம் நட்டுக் குறித்த பாதையை விட்டு ஓரிரு மீட்டர் வெளியே போனாலே உங்கள் பொறுப்பு. லிஃப்டுக்கு நேர் கீழே இருக்கும் சரிவைக்கூட யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். ஐரோப்பாவில் பழகாதவர்கள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். நிசேகோவில் வெளியே போவதற்கென்று வாயில்கள் உண்டு. வாயில் மூடியிருந்தால் போகக்கூடாது. காஷ்மீரின் குல்மார்க்கில் கொண்டோலா 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும். அங்கிருந்து பரந்து கிடக்கும் சரிவுகளில் பேட்ரோல் கவனிக்கும் பகுதி சிறிது, மீதியெல்லாம் காட்டு மலை. இப்படிப்பட்ட இடங்களில் அன்றைய பனிச்சரிவு அறிவிப்பைப் படிக்காமல், புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும், 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டிரான்சீவர், துழாவுகோல், மண்வெட்டி மூன்றும் இல்லாமல், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த துணையும் இல்லாமல் இறங்க வேண்டாம். பனியில் புதைந்தவரை முதல் 10 நிமிடத்தில் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்பது. அரை மணி தாண்டினால் மூன்றில் ஒன்றுகூடத் தேறாது. வெளியிலிருந்து உதவி வருவதற்குள் அந்த நேரம் முடிந்துவிடும்.

மரங்களுக்குள் போகச் சொன்னதும் நான்தான், அதனால் அதன் ஆபத்தையும் நானே சொல்ல வேண்டும். ஊசியிலை மரத்தின் தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுப்பதால், அடிமரத்தைச் சுற்றி இறுகாத பனி நிறைந்த குழி உருவாகும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அதில் தலைகீழாக விழுந்தால் அசைய அசையப் பனி மேலே சரிந்து மூடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் தன்னார்வலர்களை இப்படிப்பட்ட குழிகளில் இறக்கிச் சோதித்தபோது 90 சதவீதம் பேரால் தாங்களாக வெளியே வர முடியவில்லை. என் நண்பர் ஒருவர் என் கண்ணெதிரே இப்படி விழுந்தார். நான் அவருக்கு இருபதடி மேலே நின்றிருந்தேன், ஸ்கீயின் வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. காலைப் பிடித்து இழுத்துப் பயனில்லை. பக்கவாட்டிலிருந்து முகத்தை நோக்கித் தோண்ட வேண்டும். தோண்டி மூக்கும் வாயும் வெளியே வரும்வரை என் கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. அன்று நான் அவருக்குக் கீழே போய் நின்று காத்திருந்திருந்தால், அந்த ஆழத்தில் மேலே ஏறி வரவே பல நிமிடங்கள் ஆகியிருக்கும். அதிலிருந்து காட்டுக்குள் ஒரு முறையை விடாமல் வைத்திருக்கிறோம். இருவரும் ஒரே மட்டத்தில், பேச்சுக்குரல் எட்டும் தூரத்தில், மாறி மாறிச் சின்னச் சின்னத் துண்டுகளாக இறங்குவோம். ஆளுக்கொரு ஊதல் கழுத்துப்பட்டியில் இருக்கும். கோலின் வாரை மணிக்கட்டில் மாட்டுவதில்லை.

கடைசியாக, புயல் நாளையும் மறுநாளையும் தவறவிட்டவர்களுக்கு. புயலுக்குப் பிறகு வானம் தெளிந்து, காற்றில்லாமல், கடுங்குளிராக மூன்று நான்கு இரவுகள் தொடர்ந்தால், நிழற்சரிவின் மேற்பரப்பில் ஒரு மாற்றம் நடக்கிறது. பனியின் வெப்பம் இரவு வானத்துக்குள் கசிந்துபோய் மேல்பகுதி மட்டும் மிகவும் குளிர்ந்துவிடும். கீழிருந்து ஏறும் ஈர ஆவி மேற்பகுதித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத கூர்முனைப் படிகங்களாக மாற்றும். ஏற்கெனவே சறுக்கிக் குழம்பிய பனிகூட மறுபடி சர்க்கரை போல உதிரும். நிறையத் தடம் விழுந்த இடத்தில்கூட ஸ்கீக்கு அடியில் அது பொடியாகவே நழுவும். அடுத்த புயல் இதன்மேல் விழுந்தால் இதே அடுக்கு வலுவற்ற அடித்தளமாகிவிடும் என்பதால், அப்போது அறிவிப்பைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய அந்தச் சில நாட்களில், வடக்கு நோக்கிய மரச்சரிவில் ஒரு கை பனியை அள்ளி ஊதிப் பாருங்கள். பறந்தால் அங்கேயே இறங்கலாம். அது வாரநாளாக இருந்தால் லிஃப்டில் வரிசையும் இருக்காது.